ஏலக்காரர் வாயில் மாட்டிக்கொண்ட பட்டைப்பிடி

உங்கள் தட்டுகளில் பட்டைப்பிடி நாலைந்து வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஐம்பதுகளின் நடுவில் போடிநாயக்கனூரில் நான் பல் வைத்தியம் ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அது கெட்டுப்போனால் மெட்ராசிலிருந்து இன்னொன்று வர எத்தனை வாரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒன்றையும் ஒருநாள் ஒரு மனிதரின் வாய்க்குள் மாட்டிவிட்டு, கழற்ற முடியாமல் நின்றேன். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதைக் கேட்கத்தான் வேண்டும். சிரித்துக்கொண்டே கேளுங்கள். நானும் இப்போது சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் உங்களோடு வந்திருக்கும் வீட்டுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். கடைவாய்ப் பல்லின் பக்கச் சுவர் சொத்தையில் போய்விட்டால், நாம் அடைக்கிற கலவை பக்கவாட்டில் பிதுங்கிவிடும். அது பிதுங்காமல் இருக்கப் பல்லைச் சுற்றி மெல்லிய எஃகுப் பட்டை ஒன்றைப் போடுகிறோம். அந்தப் பட்டையைத் திருகி இறுக்கிப் பிடித்துக்கொள்வதுதான் இந்தக் கருவி. விரல் நீளம் இருக்கும். ஒரு முனை பல்லோடு, மறுமுனை உதட்டுக்கு வெளியே. படிப்பில் அதற்கு மேட்ரிக்ஸ் ரிடெய்னர் என்று பெயர். பட்டைப்பிடி என்று பெயர் வைத்தது பாக்கியம் அக்கா.

பாக்கியம் அக்கா என் உதவியாளர். பதினைந்து வருடம் மலையில் ஏலத்தோட்டத்தில் காய் பறித்துவிட்டு, முழங்கால் வலி தாங்காமல் கீழே இறங்கி வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் கையை நீட்டினால் எந்தக் கருவி வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுப்பார். என் கணவருக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. அதனால்தான் போடிக்கு வந்தோம். கடைத்தெருவில் ஒரு அறை, அதில் ஒரு நாற்காலி, காலால் மிதித்துச் சுற்றும் துளைக் கருவி ஒன்று, வாசலில் ஒரு திரைச்சீலை. இவ்வளவுதான் ஆஸ்பத்திரி.

வருகிறவர்கள் எல்லாரும் பல்லைப் பிடுங்கத்தான் வருவார்கள். "அடைக்கலாம், பல்லைக் காப்பாத்தலாம்" என்று சொன்னால், நான் ஏதோ ஏமாற்றப் பார்ப்பதுபோல் முகத்தைப் பார்ப்பார்கள். அதிலும் சேலை கட்டிய, இருபத்தாறு வயதுப் பெண். "பெரிய டாக்டர் எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு.

அப்படியிருக்கும்போதுதான் பெருமாள்சாமி வந்தார். மலையிலிருந்து இறங்குகிற ஏலக்காயை மண்டியில் ஏலம் விடுகிறவர் அவர். ஏலக்காய்க்கு ஏலம் போடுகிறவர் என்று சொல்லிச் சொல்லி அவரே சிரிப்பார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். மண்டியில் அவர் 'ஒரு தரம்' சொன்னால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களுக்குக் கேட்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. பக்கச் சுவர் பாதி இல்லை.

"புடுங்குனா பேச்சுல காத்துப் போகும்கிறாக. எனக்குக் குரல்தான் சோறு. அடைக்க முடியுமாம்மா?" என்று கேட்டார்.

ஊரே கேட்கிற குரல் உள்ள மனிதர். இவருக்கு நன்றாக அடைத்துவிட்டால் எனக்கு வேறு விளம்பரமே வேண்டாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு செய்த தப்புக்கெல்லாம் அதிலும் கொஞ்சம் பங்கு உண்டு.

அது ஐப்பசி மாதம். ஒரு வாரமாக விடாத மழை. கொதிக்க வைத்து எடுக்கிற கருவிகள் காயவே காயாது. பட்டையைப் பல்லில் போட்டுத் திருகும்போதே திருகாணி முரண்டு பிடித்தது. ஒரு நொடி யோசித்தேன். கழற்றி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி மாட்டியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. 'இறுகிவிட்டது, போதும்' என்று விட்டுவிட்டேன். கருவி வம்பு பண்ணப் போகிறது என்றால் உள்ளே போகும்போதே சொல்லிவிடும். நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கலவையை அடைத்து முடித்தேன். அழகாக வந்திருந்தது. இனி திருகாணியைத் தளர்த்தி, பிடியை எடுத்து, பட்டையை மெல்ல உருவ வேண்டும்.

திருகாணி அசையவில்லை.

துணி வைத்துத் திருகினேன். அசையவில்லை. பெருமாள்சாமி கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகக் கிடந்தார். கையை நீட்டினேன். பாக்கியம் அக்கா குறட்டை எடுத்துக் கொடுத்தார். குறட்டால் பிடித்து ஒரு திருகு. 'டிக்' என்று ஒரு சத்தம்.

என் உயிர் ஒரு முறை வெளியே போய்விட்டு வந்தது. பல்தான் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். நல்லவேளை, பல் இல்லை. திருகாணியின் தலை உடைந்து குறட்டோடு கையில் வந்துவிட்டது. இனி தளர்த்துவதற்குப் பிடிமானமே கிடையாது. பிடி பல்லோடு, பட்டை பல்லைச் சுற்றி, கைப்பிடி அவர் உதட்டுக்கு வெளியே சுருட்டுபோல் நீட்டிக்கொண்டு.

பெருமாள்சாமி கண்ணைத் திறந்தார்.

வாசலில் பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். திரைச்சீலை காற்றில் விலகி விலகி மூடியது. ஒவ்வொரு தடவை விலகும்போதும் மூன்று தலைகள் உள்ளே பார்த்தன. குறட்டை மறுபடி எடுத்தேன். பிடியையும் பட்டையையும் சேர்த்து மேலே இழுத்துவிட்டால் வந்துவிடும். ஒரே இழுப்பு. கதை முடிந்தது.

முடிந்திருக்கும்தான். கலவை அப்போது பச்சைச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. இழுத்திருந்தால் அடைத்த சுவரும் சேர்ந்து வந்திருக்கும். மிச்சமிருந்த மெல்லிய பல்லும் விண்டிருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். ஆனால் குறடு கையில் இருக்கும்போது படிப்பு எங்கேயோ போய்விட்டது.

என்னை நிறுத்தியது பாக்கியம் அக்காவின் ஒரு கேள்விதான். மெதுவாக என் காதருகே வந்து, "டாக்டரம்மா, இப்ப என்ன அவசரம்?" என்றார்.

அவர் ஒன்றும் எனக்குப் பாடம் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். என்ன அவசரம்? அவருக்கு வலி இல்லை. ரத்தம் இல்லை. மூச்சு முட்டவில்லை. பல்லுக்கு அவசரம் இல்லை, பல் காத்திருக்கத்தான் விரும்பும். இரண்டு மூன்று மணி நேரம் போனால் கலவை கெட்டிப்படும். அப்புறம் பட்டையைக் கன்னத்துப் பக்கம் வெட்டி, அலுங்காமல் எடுத்துவிடலாம். அவசரம் எனக்குத்தான். அந்த மூன்று தலைகள் பார்ப்பதற்குள் அந்த இரும்பு வெளியே வந்துவிட வேண்டும், அதுதான் அவசரம். குறட்டைக் கீழே வைத்தேன்.

இதை மட்டும் கொஞ்சம் மனசில் வையுங்கள். கை பதறும்போது, யாருக்காகப் பதறுகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பாதி நேரம் நாற்காலியில் இருப்பவருக்காக இருக்காது.

அடுத்த சிக்கல் அதைவிடப் பெரியது. அவரிடம் என்ன சொல்வது? பாக்கியம் அக்கா அதற்கும் வழி வைத்திருந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மூணு மணி நேரம் இப்படியே இருக்கணும், இதுவும் வைத்தியந்தான்னு சொல்லிருங்க. அவரு நம்பிருவாரு" என்றார்.

எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. நினைத்துப் பாருங்கள், பொய் சொன்னாலும் மூன்று மணி நேரம் காத்திருக்கணும், உண்மை சொன்னாலும் மூன்று மணி நேரம் காத்திருக்கணும். அவர் வாய்க்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பொய்க்கு ஒரு சேதாரமும் இல்லை. இவ்வளவு வசதியான பொய் எனக்கு அதற்கப்புறம் கிடைத்ததே இல்லை.

நாற்காலிக்குத் திரும்பி வந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு மாட்டிலிருந்து ஏலக்காய் வரை விலை பேசுகிறவர்களின் முகத்தைப் படித்தே பிழைக்கிற மனிதர். அவர் முன்னால் பொய் வாயில் வரவில்லை.

"ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு. திருகாணி முரண்டு பிடிச்சுது. எனக்கு முன்னாடியே தெரிஞ்சுது, கவனிக்காம விட்டுட்டேன். இப்ப தலை உடைஞ்சுபோச்சு. உங்க பல்லுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா இப்ப இழுத்தா அடைச்சது போயிடும். மூணு மணி நேரம் இது உங்க வாயிலேயே இருக்கணும். அப்புறம் வெட்டி எடுத்துடுறேன். தப்பு என்னோடதுதான்."

அவர் சட்டைப் பையிலிருந்து மண்டிக் குறிப்பு நோட்டையும் பென்சிலையும் எடுத்து எழுதிக் காட்டினார்: 'இரண்டு மணிக்கு ஏலம்.'

வாயில் இரும்போடு அவரால் 'ம்' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல முடியாது. "வேற யாராவது கூவக் கூடாதா?" என்று கேட்டேன். பலமாகத் தலையை ஆட்டி எழுதினார்: 'வாங்குகிறவர்களின் ஆள் ஒருவன் காத்துக்கிடக்கிறான். வெரசா, குறைந்த விலைக்கு முடிப்பான். சின்னத் தோட்டக்காரன் வயிறு எரியும்.'

"அப்படின்னா நானும் உங்க கூடவே வர்றேன். இது வாயில இருக்கிற வரைக்கும் உங்களைத் தனியா விட மாட்டேன்" என்றேன். வெறும் பேச்சுக்காகச் சொல்லவில்லை. பட்டை எப்படியாவது தளர்ந்து பிடி தொண்டைக்குள் போய்விட்டால்? தையல் நூலை நாலு இழையாக முறுக்கி, பிடியில் முடிச்சுப் போட்டு, மறுமுனையை அவர் சட்டைப் பித்தானில் கட்டினேன். அன்று நான் யோசித்துச் செய்த முதல் நல்ல வேலை அது.

அவர் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி எழுதினார். அந்தக் காகிதத்தை வெகுநாள் வைத்திருந்தேன். 'என் வாயைப் பூட்டியது நீங்கள். இன்றைக்கு என் வாயும் நீங்கள்தான்.'

"ஐயோ, எனக்கு ஏலம் போடத் தெரியாதுங்க!"

'எனக்குத் தெரியும்' என்று எழுதிவிட்டுத் துண்டால் வாயை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மண்டியில் மழைக்கோணி போர்த்திய ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஈரச் சாக்கும் ஏலக்காய் வாசமும் கலந்து மூக்கைத் துளைத்தது. பெருமாள்சாமி மேடை ஏறித் துண்டை எடுத்ததும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

"என்னண்ணே, வாயில ஊதலா?"

"சர்க்கார்ல மாட்டி விட்டாகளோ? ரொம்ப சத்தம் போடுறாருன்னு?"

வாங்குகிறவர்களின் ஆள் என்று அவர் எழுதிய மனிதன் முன்னால் வந்து, "நீங்க உக்காருங்கண்ணே, நான் கூவுறேன்" என்றான். பெருமாள்சாமி அவனை விலக்கி, என்னைக் கைகாட்டினார்.

முதல் குவியலுக்கு என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா, டாக்டரம்மா!" என்று பின்னாலிருந்து ஒரு தோட்டக்காரர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததும் பயம் கொஞ்சம் விட்டுப்போனது. பெருமாள்சாமி விரல்களைக் காட்டுவார், நான் சொல்வேன். யாராவது புருவத்தை அசைத்தால் எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். விரல் ஒன்று கூடும். இரண்டாவது, மூன்றாவது குவியலுக்கெல்லாம் "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" என்று பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் கூவிக்கொண்டிருந்தேன்.

ஆறேழு குவியல் போனபிறகு ஒரே ஒரு சாக்கு வந்தது. அதன் பக்கத்தில் நடுவயதுப் பெண் ஒருத்தி நின்றாள். பெயர் செல்லம்மா. தேவாரம் என்ற ஊருக்கு மேலே மலைச்சரிவில் கொஞ்சம் இடம். யானை புகுந்து மிதித்துவிட்டுப் போய், மிஞ்சியது அந்த ஒரு சாக்குதானாம். சேலைத் தலைப்பைக் கன்னத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். மழைக்காகப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒருவர் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள். ஒரு சாக்குக்காக யார் மெனக்கெடுவது?

"ஒரு தரம்" என்றேன். யாரும் அசையவில்லை. "ரெண்டு தரம்." அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. முடித்துவிட வேண்டும் போலிருந்தது. 'மூணு' என்று வாயைத் திறந்தேன்.

டக் என்று பெருமாள்சாமி பென்சிலால் மேசையில் தட்டினார்.

சாக்குக்குள் கைவிட்டு ஒரு பிடி காயை அள்ளினார். ஒன்றை நசுக்கி, வரிசையில் முதலில் உட்கார்ந்திருந்தவரின் மூக்குக்கு நேராக நீட்டினார். அடுத்தவருக்கு. அடுத்தவருக்கு. ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பிறகு மேடைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். மழைச் சத்தம் மட்டும்தான். அரை நிமிடம் இருக்கலாம். எனக்கு அது அரை நாள். மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவர் தொண்டையைச் செருமிவிட்டு ஒரு விரலைத் தூக்கினார். உடனே முதல் ஆள் தூக்கினார். அப்புறம் நான் கூவியதற்கு அளவே இல்லை. அந்த ஒற்றைச் சாக்குத்தான் அன்றைக்கு நல்ல விலைக்குப் போனது.

ஏலம் முடிந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். பாக்கியம் அக்கா அதற்குள் நகை ஆசாரி கடையில் தகடு வெட்டுகிற சின்னக் கத்திரியைக் கேட்டு வாங்கி, கொதிக்க வைத்து, துடைத்து, தயாராக வைத்திருந்தார். இந்த முறை அதன் திருகை அவரே இரண்டு தடவை ஆட்டிப் பார்த்திருக்கிறார். கன்னத்துப் பக்கம் பட்டையை வெட்டினேன். பிடி தானாக என் கையில் விழுந்தது. பட்டையைப் பக்கவாட்டில் மெல்ல உருவினேன். உள்ளே பார்த்தேன். சுவர் அப்படியே நின்றது. விளிம்பில் ஒரு கீறல் கூட இல்லை.

பெருமாள்சாமி வாயை மூடித் திறந்தார். நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார். தாடையை இரண்டு பக்கமும் ஆட்டினார். அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"நாலாவது குவியலை வெரசா முடிச்சுட்டீக, டாக்டரம்மா. பின்னால நின்னவன் இன்னும் ஏறியிருப்பான்."

பாக்கியம் அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

அந்த ஒரே பட்டைப்பிடியை இழந்ததில், புதியது வரும்வரை பக்கச் சுவர் போன பல் எதையும் அடைக்க முடியவில்லை. வந்தவர்களிடம், "கருவி உடைஞ்சுபோச்சு, என் கவனக்குறைவுதான், ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஊரே கேட்கிற குரல் உள்ளவர் என்னைப் பற்றி என்ன சொல்லித் திரிகிறாரோ என்ற பயம் வேறு.

அடுத்த வாரம் செல்லம்மா வந்தாள். அன்று தலைப்பைக் கன்னத்தில் அழுத்தியிருந்தது மழைக்காக இல்லை, பல்வலிக்காக. நாற்காலியில் உட்கார்ந்ததும், "அவருக்கு அடைச்சீகளே, அதே மாதிரி எனக்கும் அடைச்சு விடுங்க" என்றாள்.

பிடுங்கச் சொல்லாமல் அடைக்கச் சொல்லி ஒருவர் மலையிறங்கி வந்திருக்கிறார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்! ஆசையாக வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பல்லில் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. வேர் வரைக்கும் சீழ்.

"செல்லம்மா, இதை அடைக்க முடியாது. பிடுங்கத்தான் வேணும்."

எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"பெருமாள்சாமி அண்ணன் சொன்னாரு" என்றாள். "அந்தப் பொண்ணு தப்பு பண்ணுச்சு, மறைக்காம என்கிட்டயே சொல்லிருச்சு, அது சொன்னா நம்பலாம்னாரு. அதான் வந்தேன். நீங்க முடியாதுன்னா முடியாதுதான்."

தலையைச் சாய்த்து, வாயை அகலமாகத் திறந்தாள். நான் ஊசியை எடுக்கத் திரும்பியதும் மறுபடி மூடிக்கொண்டு சொன்னாள்:

"அவசரப்படாம புடுங்குங்க டாக்டரம்மா. என் பஸ்சு நாலு மணிக்குத்தான்."